நடுவில் பன்னிரண்டு நிமிடம்

எங்கள் வீட்டுப் பிரதியில்
அந்தப் படத்துக்கு நடுவே ஒரு பௌலிங் போட்டி வரும்.

கறுப்பு வெள்ளைப் படம்.
ரயில் நிலையத்தில்
தொலைந்த பொருள்களுக்குக் காவலாக ஒருவன்.
தினம் ஒன்றைத் தொலைத்துவிட்டதாக வந்து நிற்பாள் ஒருத்தி:
ஒற்றைக் கையுறை, மீன் தொட்டி,
பிறகொரு நாள், இல்லாத அத்தையின் பல்செட்.
வாய்ச்சண்டை முற்றி
"இங்கே வந்துதான் என் புத்தியைத் தொலைத்தேன்,
அதைத் தேடி வை" என்று அவள் கதவை அறைவாள்.

அறைந்த கதவுக்குப் பின்னால்
கலரில் ஒரு தொப்பைக்காரர்
பந்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டு நிமிடம் அவர்தான்.
அப்புறம் சட்டென்று தேவாலயம், மணியோசை,
மாப்பிள்ளை கையில் மீன் தொட்டி.
இருவரும் எப்படி ராசியானார்கள் என்பது
டுலூத் நகரத்திலேயே
எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியாது.

செய்தவர் அப்பா.
எண்பத்தாறு பிப்ரவரி, ஏரி கல்லாய் உறைந்த சனிக்கிழமை,
கைக்கு அகப்பட்ட கேஸட்டைச் செருகிச்
சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.
மேலே அம்மா ஒட்டியிருந்த 'தொடாதே'யைப் பார்க்கவில்லையாம்.
பார்த்தார் என்று சாட்சி சொன்னான் தம்பி டேல்.
அவனுக்கு அப்போது எழுத்துக் கூட்டத் தெரியாது.

மூன்று நாள் அம்மா அவரோடு பேசவில்லை.
"உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல் உன் அப்பாவை."
அரை முழ மேஜைக்கு
நாங்கள் இரண்டு தபால்காரர்கள்.
நாலாம் நாள் காலை இறங்கி வந்தால்
அடுப்படியில் முட்டை தீய்கிறது,
அதைக் கவனிக்காமல்
இருவரும் தோள் குலுங்கச் சிரிக்கிறார்கள்.
அதிலும் நடுப்பகுதியை நாங்கள் பார்க்கவில்லை.

போன டிசம்பரில்
புதுப்பித்த முழுப் படத்தை வாங்கிவந்தான் டேல்.
துளிக் கீறல் இல்லை;
கதாநாயகியின் முன்பல் சந்துகூடத் தெரிகிறது.
சோபாவில் ஏழு பேர், ஒரு நாய்.
"எப்போ கலராகும்?" என்றான் ஓட்டிஸ்.
என் மகள் பிரிட்டா போனை மடியில் கவிழ்த்தாள்,
அவள் அளவில் அது பெரிய தியாகம்.
அம்மாவுக்கு எண்பத்தொன்று.
ஒவ்வொரு வசனத்தையும் அரை நொடி முந்திச் சொல்லி
நடிகர்களைத் தோற்கடித்தாள்.

சின்ன வயதில் நான் உருண்டு சிரித்த ஓர் இடம்.
இப்போது பார்த்தால்
அவள் விடு என்ற பிறகும்
அவன் மணிக்கட்டை விடவில்லை.
பிரிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் பாப்கார்ன் கிண்ணத்தைப் பார்த்தேன்.
"அது சரியில்லை" என்று ஒருவழியாகச் சொன்னேன்.
"எங்களுக்கும் அப்பவே தெரியும்" என்றாள் அம்மா,
திரையிலிருந்து கண் எடுக்காமல்.

பிறகு கதவு அறைந்தது.
டேல் என் கையைப் பிடித்தான்.
தொப்பைக்காரர் வரவில்லை.

அவன் அவள் வீட்டு வாசலில் விண்ணப்பத்தாளோடு நிற்கிறான்.
"உன் நிஜப் பெயரை எப்படி எழுதுவது?"
அவள் எழுத்தெழுத்தாகச் சொல்கிறாள்,
பாதியில் சிரித்துவிடுகிறாள்.
நாற்பது நொடி, அவ்வளவே.
மிச்சம் முழுக்க ஒரு நாய்
தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது,
ஊரே துரத்துகிறது.

"இவ்வளவுதானா?" என்றான் டேல்.
முப்பத்தெட்டு வருஷமாக அவன் அங்கே
மழையும் மண்டியிடலும் வைத்திருந்தான்.
நான் ஓர் ஆஸ்பத்திரியே கட்டியிருந்தேன்.

அப்பா தூங்குவதாக நினைத்திருந்தோம்.
கண் திறக்காமலே சொன்னார்:
"இந்த இடத்திலதான் அந்த ஆள்
ஏழு-பத்து ஸ்பிளிட்டை அடிப்பான்."

"நாலு-பத்து" என்றாள் அம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"சரி, நாலாம் நாள் என்னதான் ஆச்சு?" என்றாள் பிரிட்டா.
அம்மா அப்பாவைப் பார்த்தாள்.
அப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.
முதலில் அவர் தோள் குலுங்கியது, பிறகு அவள் தோள்.
கேட்கக் கேட்க அதிகமானதே தவிர
பதில் வரவில்லை.

திரையில் கல்யாண மணி அடித்தது,
யாரும் பார்க்கவில்லை.
ஓட்டிஸ் மட்டும் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தான்,
நாய் ஓடுவதை இன்னொரு தடவை பார்க்க.