கொட்டாவிக்கு எழுந்த கை

கோலக் கெட்டில் கிளினிக்கில்
ரப்பர் சுத்தியால் முட்டிக்குக் கீழே தட்டினார் டாக்டர்.
கால் துள்ளியது.
"நல்லது" என்றார்.
நான் ஒன்றும் செய்யவில்லையே, எனக்கெதற்குப் பாராட்டு?

பிறகு ஃபாரிஹா வலது கையைத் தொட்டாள்.
"அங்காட், அங்கிள். அங்காட்."
தூக்கினேன்.
தூக்கினேன் என்றுதான் சொல்வேன்.
மூச்சைப் பிடித்தேன், தோளை ஏவினேன், பல்லைக் கடித்தேன்,
கை மட்டும் மேசைமேல் கிடந்தது,
யாரோ விட்டுப்போன ஈரக் குடை மாதிரி.

மூளையில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டதாம்.
படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள்.
படம் சரி. மறுக்கவில்லை.
ஆனால் அதில் எங்கே தேடியும்
தூக்கப் பார்த்தவனைக் காணோம்.

எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தூக்கம் வருகிறது.
எனக்குக் கோபம் வருகிறது.
நம் பேச்சில் பாதி 'எனக்கு'தான்,
வந்ததை வாங்கி வைத்துக்கொள்கிற ஆள்.
வெட்டுகிறேன், நடக்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன்
என்னும்போதுதான் 'நான்' எழுந்து முன்னால் வருகிறது.
இரண்டுக்கும் நடுவே வேலி எங்கே என்று
ஐம்பத்து நாலு வயதுவரை நான் பார்த்ததில்லை.

இருபத்தேழு வருஷம் செம்பனை வெட்டினேன்.
நீளக் கம்பில் அரிவாள். காம்பில் ஒரே இழுப்பு.
மிச்சத்தைப் பூமி பார்த்துக்கொள்ளும்.
இருபது கிலோ குலை, தொப்பென்று.
இழுத்தது பூமி.
மண்டோர் சன்னாசி என் பெயரில்தான் எழுதினார்.
பங்கு கேட்டுப் பூமி
ஒரு சம்பள நாளும் வரிசையில் நின்றதில்லை.

நேற்று சாயந்தரம், ஆலைச் சங்கு ஓய்ந்த நேரம்,
கடை அஞ்சடியில் உட்கார்ந்திருந்தேன்.
கொட்டாவி வந்தது.
வாய் திறக்கத் திறக்க
வலது கை தானாக எழுந்தது, மார்புவரை.
தெய்வானை தேத்தண்ணியைக் கொட்டிவிட்டாள்.
"கை வந்துருச்சு!"
"கை வரல. கொட்டாவி வந்துச்சு."
"எதுவா இருந்தா என்ன,
மேல வந்துச்சுல்ல."

அவள் சொன்னதை ராத்திரி முழுக்க
புரட்டிப் பார்த்தேன்.

இன்று காலையிலிருந்து கொட்டாவிக்குக் காத்திருக்கிறேன்.
கூப்பிட்டால் வராது.
வந்தால் ஏறிக்கொள்ளலாம்,
நகர்கிற டிராக்டரில் தொற்றுவது போல.
முதலாவதில் தவறவிட்டேன். இரண்டாவதிலும்.
மூன்றாவது.
கை மார்புக்கு வந்தது. வாய் மூடியது.
கை இறங்கியது.
சுண்டுவிரல் மட்டும்
அரை நொடி மேலேயே நின்றது.

சன்னாசி செத்து ஆறு வருஷம்.
அந்த அரை நொடியை
யார் பெயரில் எழுதுவது?