நன்பர்கள் தேவை

அரூரை விட்டு ராயக்கோட்டைக்கு வந்து
பத்தொன்பது நாளாகிறது.
புதுப் பள்ளியில் இதுவரை என்னிடம் பேசியவர்கள்
இரண்டே பேர்.
"தள்ளு" என்றான் ஒருவன்.
"தள்ளுடா" என்றான் இன்னொருவன்.
டா போட்டவன் கொஞ்சம் நெருங்கி வருகிறானோ என்று
அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன்.

அப்பா மண்டியில் தக்காளிப் பெட்டி எண்ணுகிறார்.
வீட்டுக்கு வந்து தூக்கத்திலும் எண்ணுகிறார்.
நூற்று நாற்பதைத் தாண்டினால்
நான் புரண்டு படுத்துக்கொள்வேன்.
அம்மாவை ஓசூர் கம்பெனி வேன்
இருட்டில் ஏற்றிப்போய் இருட்டில் இறக்கிவிடுகிறது.
கோலி ஆட ஆளில்லாமல்
நானே இரண்டு பேராக ஆடினேன்.
இரண்டாவது ஆள் அழுகுணி ஆட்டம் ஆடினான்.
சண்டை முற்றி
மூன்று நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை.

அதனால்தான் விளம்பரம்.
கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தை
ஊக்கு கழற்றி எடுத்து,
சிவப்பு ஸ்கெட்ச்சில், கொட்டை எழுத்தில்:

நன்பர்கள் தேவை
வயது 9 முதல் 11 வரை
முன் அனுபவம் அவசியமில்லை
சைக்கிள் உள்ளவர்களுக்கு முன்னுரிமை

கடைசி வரியில் அப்பாவின் செல் நம்பர்.
மைதா பசை காய்ச்சி மண்டிச் சுவரில் ஒட்டினேன்,
'விளம்பரம் செய்யாதீர்' என்பதற்கு நேர் கீழே.
அங்கேதான் எல்லோரும் படிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா தூக்கம். போன் என் கையில்.
முதல் அழைப்பு குப்பத்திலிருந்து, பாதி தெலுங்கில்.
நாட்டு ரகமா, ஆப்பிள் ரகமா என்று கேட்டார்.
நான் அரூர் என்றேன்.
அது எத்தனை நாள் தாங்கும் என்றார்.

அடுத்தது ஒரு அக்கா.
"தனிநபர் கடன் வேண்டுமா சார்?"
"தனிநபர் நான்தான்" என்றேன்.
"கடனாக ஒரு ஆள் கிடைக்குமா?
வெள்ளிக்கிழமை திருப்பித் தந்துவிடுகிறேன்."
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை.
பிறகு, வேறு குரலில்,
"எத்தனாவது படிக்கிற?"
"அஞ்சாவது."
"சாப்பிட்டியா?"
பதில் சொல்வதற்குள் யாரோ அவளை அதட்ட,
லைன் துண்டித்துப்போனது.
சாப்பிட்டேன் என்று
அணைந்த திரையிடம் சொல்லிவைத்தேன்.

மாலையில் போய்ப் பார்த்தால்
சுவரில் முன்னங்கால் தூக்கி நிற்கிறது ஒரு வெள்ளாடு.
செல் நம்பரையும் சைக்கிளையும் தின்று முடித்து
முன் அனுபவத்தில் வாய் வைத்திருந்தது.
தகுதி இருந்தாலும் இருக்கலாம்,
விரட்டக்கூடாது என்று
"எப்ப பொறந்த?" என்று மரியாதையாகக் கேட்டேன்.
"மே" என்றது.

ஆட்டுக்கு அந்தப் பக்கம்
கவிழ்த்த தக்காளி கிரேட் மேல் ஒரு பெண் நின்று,
மிஞ்சிய காகிதத்தில் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.
எங்கள் வகுப்புதான். நஸ்ரின். மூன்றாவது பெஞ்சு.
"நீதான் எழுதினதா?"
தலையாட்டினேன்.
"நண்பனுக்கு மூணு சுழி. ரெண்டு சுழி போட்டா எவன் வருவான்?
எங்க வீட்ல உருது. எனக்கே தெரியுது."
சிவப்பு எழுத்தின் தலையில்
நீலத்தில் ஒரு சுழி ஏறியிருந்தது,
கொஞ்சம் பெரிதாக, தலைப்பாகை மாதிரி.

கேட்கவேண்டியதைக் கேட்டாக வேண்டுமே.
"வயசு?"
"பத்து."
"முன் அனுபவம்?"
யோசித்தாள். "இந்த ஆட்டோட மட்டும்."
"சைக்கிள்?"
"இருக்கு. செயின் இல்ல."

மண்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தாள்.
ஏறி உட்கார்ந்து பெல்லை அடித்தாள். பெல் இருந்தது.
ரயில்வே கேட் மேட்டைக் கையால் காட்டி,
"தள்ளு" என்றாள்.
ஆடு முன்னால் ஓடியது.
பாதி மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது.

"தள்ளுடா!"