மூன்றாம் அலமாரி

ஜெலுத்தோங்கில் வெள்ளம் என்று
இரவு இரண்டே காலுக்கு ஹஸ்லினாவின் அழைப்பு.
காவலரை எழுப்பிவிட்டாள்.
ஆய்வுக்கூடத்தில் கணுக்கால் தண்ணீர்.
நான் கேட்டது ஒன்றுதான்:
மூன்றாம் அலமாரி?

அந்த அலமாரிக்காக நாலு மாதம் சண்டை போட்டேன்.
அதற்குமுன் சோடியம் இருந்தது
கைகழுவும் தொட்டிக்குக் கீழே, பூட்டில்லாமல்.
"இருபது வருஷமா அங்கதான் இருக்கு மிஸ்,
ஒண்ணும் ஆகலியே"
என்றார் பொன்னுரங்கம் சார்.
ஒன்றும் ஆகாததுதான் என் வேலை என்று
அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

உப்பு ஜாடிகூட வியர்க்கும் தீவு இது.
இங்கே ஓர் உலோகத்தைக்
காற்றின் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டும்.

கத்தி வைத்தால் வெண்ணெயாய் வழிவிடும்.
வெட்டிய முகத்தில் வெள்ளி.
"எவ்வளவு அழ..." என்று
ஒரு மாணவி சொல்லி முடிப்பதற்குள் சாம்பல்.

சோடியம் சமர்த்து,
எண்ணெய்க்கடியில் முடங்கிக் கிடக்கும்.
லித்தியம் அப்படியில்லை.
மிதக்கும். தலையை நீட்டும்.
புட்டியை விளிம்புவரை நிரப்பி மூடவேண்டும்.

பொட்டாசியம்,
மஞ்சள் பூத்த அந்தப் பழைய புட்டியை
நான் திறக்கவே இல்லை.
சீட்டில் தேதி அழிந்திருந்தது.
வாங்கியவர் ஈப்போவுக்கு மாற்றலாகி
ஓய்வும் பெற்றாயிற்று.
கத்தி படக்கூடாது, குலுக்கக்கூடாது.
கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்து எடுத்துப்போகும்வரை
அந்தப் பக்கம் நடக்கையில்
செருப்பைக்கூட மெதுவாக ஊன்றினேன்.

தீயணைக்க மணல் கேட்டேன்.
பையன்கள் பத்து பெரிங்கியிலிருந்து
இரண்டு வாளி அள்ளி வந்தார்கள்,
சிப்பியோடு, ஈரத்தோடு,
பெருமையோடு.
திருப்பி அனுப்பினேன். இன்றும் முறைக்கிறார்கள்.

தொலைபேசியில்
அவள் தண்ணீரில் நடக்கும் சளப் சளப்.
சாவிக்கொத்து.
ஒரு நாற்காலி எதிலோ இடிக்கும் சத்தம்.
பிறகு நெடுநேரம் மழை மட்டும்.

"கெரிங், காக். செமுவா கெரிங்."

எல்லாம் காய்ந்தே இருக்கிறது.
மார்பளவு உயரத்தில், பூட்டுக்குப் பின்னால்,
எண்ணெய்க்குள்.

"நீ முதலில் வெளியே வா" என்றேன்.
கட்டிலோரம் இருந்த தண்ணீரை எடுத்து
ஒரே மூச்சில் குடித்தேன்.

காலையில் சேத அறிக்கை கேட்டார்கள்.
நாற்காலிகள் பதினொன்று.
பிரிண்டர் ஒன்று.
துடைப்பம், காணவில்லை.
மூன்றாம் அலமாரியைப் பற்றி எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.