கட்டு

மணிக்கட்டு ஆறிவிட்டது என்று
பெங்களூரில் சொல்லிவிட்டார்கள்.
பணம் கட்டிய ரசீதோடு
அந்தச் சொல்லையும் மடித்து வைத்துக்கொண்டேன்.
கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை.

கட்டு இருந்தால் கேட்பார்கள்.
கிருஷ்ணகிரி ரவுண்டானா டீக்கடையில்கூட
'கை எப்படிம்மா இருக்கு?'
கை என்றால் பதில் உண்டு.
தசைநார், தையல், ஆறு மாசம்.
சொல்லச் சொல்ல எனக்கே நிம்மதியாக இருக்கும்.

சொல்லாதது இது:
சர்வீஸ் போட நிற்கிறேன்.
பந்தை மேலே விட வேண்டிய இடது கை
விடவில்லை.
தேர்க் கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல
விரல்கள் அதை இறுக்கிக்கொண்டிருக்கின்றன.

முதலில் நடந்தது துனிசியாவில்.
கடல்காற்று. பதினோரு பார்வையாளர்கள்,
அதில் ஒன்பது பேர் அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள்.
நாகவேணி திம்மராயன் என்பதை
நடுவர் நாலு துண்டாக உடைத்துச் சொன்னார்.
பந்தைத் தரையில் மூன்று முறை தட்டுவேன், எப்போதும்.
அன்று ஏழு முறை. பிறகு இருபது.
நேரம் ஆகிறது என்று எச்சரித்தார்.
விட்டேன். என் முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது.
டபுள் ஃபால்ட் பதினேழு.
எதிரே நின்ற செக் நாட்டுப் பெண்
பத்துக்குப் பிறகு
என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.
நல்லவள்.

அப்பாவிடம் 'கைதான்பா' என்றேன்.
பர்கூர் பக்கம் கல் அறுக்கும் ஆலைகள் கொட்டிய தூளை
லோடு லோடாக அள்ளிவந்து
எனக்குக் களம் போட்டவர்.
மழையில் சிமெண்டாக இறுகும், வெயிலில் பறக்கும்.
எந்தப் பந்தும் ரெண்டே நாளில் சாம்பல் நிறமாகும்,
என் புருவமும்.
இருமிக்கொண்டே சுண்ணாம்புக் கோடு இழுப்பார்.
அவரிடம் எப்படிச் சொல்வது,
எலும்பு முறியவில்லை, நரம்பு அறவில்லை,
ஆனாலும் முடியவில்லை என்று?

தரவரிசை திங்கட்கிழமைகளில் வரும்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
எழுநூற்று நாற்பது.
ஆயிரத்தைத் தாண்டிய வாரம்
அப்பா போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.
கண்ணாடியை மாத்தணும் என்றார்.
பிறகொரு திங்கள்
பட்டியல் கடைசிவரை ஓடி முடிந்தது,
நான் வரவேயில்லை.

இங்கே யாராவது பார்த்துவிடுவார்கள் என்று
தருமபுரிக்குப் பஸ் ஏறினேன்.
காவேரிப்பட்டணம் தாண்டும்வரை முகத்தில் துப்பட்டா.
பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு வரிசையில்
எனக்கு முன்னால் பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி.
தூக்கமே இல்லையாம்,
நல்ல விலை போன வருஷம்கூட.
டாக்டரம்மா என் கட்டைப் பார்த்து
'எலும்புக்குக் கீழே போகணும்' என்றார்.
'பந்தைக் கை விடமாட்டேங்குது' என்றேன்.
சிரிக்கவில்லை.
'எத்தனை நாளா?' என்று மட்டும் கேட்டு
காய்ச்சலுக்கு எழுதுவதுபோல எழுதிக்கொண்டார்.
பதினாலு மாசம் என்றேன்.
என் குரலில் அந்த எண்ணை
அன்றுதான் நான் முதலில் கேட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம்.
மாத்திரை வாயை உலர்த்துகிறது.
டென்னிஸ் பந்து டப்பா திறக்கும் ஓசை
எதிர்வீட்டு டிவி விளம்பரத்தில் வந்தாலும்
கை வியர்க்கிறது.

இந்த சீசனுக்கு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை.
பெல்ட்டில் பெங்களூரா வந்துகொண்டேயிருக்கும்,
பழுக்காததைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.
கட்டில்லாத மணிக்கட்டில்
பால் பட்டால் பழைய தையல் எரியும்.
நேற்று எதிர்வரிசை மாதம்மா
'அந்தக் காயை இங்க தூக்கிப் போடு,
உப்பு வெச்சிருக்கேன்' என்றாள்.
போட்டேன்.

தகரக் கூரைக்குக் கீழே
சற்றே முன்னால், சற்றே வலப்பக்கம்,
நான் எட்டி அடிக்கும் அதே உயரத்தில்
காய் ஒரு கணம் நின்றது.
என் வலது கை எழுந்து
ஒன்றுமில்லாமல் இறங்கியது.

முந்தானையில் பிடித்துக்கொண்டு மாதம்மா வைதாள்:
'கையிலதான கேட்டேன்,
வானத்துக்கா போடச் சொன்னேன்?'