முழங்கால் உயரத்தில்

புதுவயல். அறந்தாங்கி சாலையோர அரிசி மில்.
காலை ஆறரைக்கே தவிட்டுத் தூசி
என் டூல்பாக்ஸ் பூட்டுக்குள் போய்விட்டது.

ஃபோர்க்லிஃப்ட்டின் கரங்களைத் தரையில் படியவிட்டு
எஞ்சினை அணைத்து
லிவரை இரண்டு முறை ஆட்டச் சொன்னேன்.
குழாய்க்குள் தங்கிய அழுத்தம் தீருமுன் நட்டைத் தொட்டால்
எண்ணெய் நேராக முகத்துக்கு வரும்.
பெருந்துறையில் ஒருமுறை வந்தது.
அந்தச் சுடிதாரைத்தான் இப்போது
துடைதுணியாக வைத்திருக்கிறேன்.

வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு டி-இணைப்பு.
அதன் மூன்றாவது வாயில் சென்சார்,
கட்டைவிரல் பருமன்.
பாரத்துக்கேற்ற அழுத்தம்,
அழுத்தத்துக்கேற்ற மில்லிஆம்பியர்.
நெல்லா உமியா என்று கேட்காது.

"இது என்ன சொல்லும் மேடம்?" என்றார் பீர் முகமது.
"எவ்வளவு தூக்குறீங்கன்னு."
"அதான் பின்சக்கரம் சொல்லிருமே.
லேசா மிதக்கும். அடைக்கலம் ஏறிக்குவான்."

அடைக்கலம் ஏற்கெனவே ஏறியிருந்தான்,
வண்டியின் பின்பக்க இரும்புப் பாறைமேல்
காலை மடக்கி, கையில் டீ கிளாஸோடு.
பாரம் மிஞ்சி வண்டி முன்னால் கவிழப் பார்க்கையில்
பின்னால் உட்காரும் ஆள்.
சம்பளச் சீட்டில் அதற்குப் பெயரில்லை.
லோடுமேன் என்று போட்டிருக்கிறார்கள்.

வெறுங்கரத்தைப் பத்து முறை ஏற்றி இறக்கி
எண்ணெயைச் சூடாக்கினோம்.
பூஜ்யம் வைத்தேன்.
"தெரிஞ்ச எடை ஏதாவது குடுங்க."
"ஐம்பது கிலோ மூட்டை, நாப்பது.
இதுல தெரியாதது என்ன இருக்கு?" மேனேஜர் வயிரவன்.
எடைமேடைச் சீட்டு 1,965 என்றது.
"ஈரம் காஞ்சிருக்கும்.
நீங்க ரெண்டாயிரம்னே போட்டுக்கங்க."
ஒன்று, ஒன்பது, ஆறு, ஐந்து என்று
ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன்.
அவருக்கு ஏதோ போன் வந்தது.

எல்லை இரண்டரை டன்.
வழக்கமாக ஏற்றுவது எத்தனை என்றேன்.
ஐம்பத்திரண்டு அடுக்கினார்கள்.
முழங்கால் உயரம் வந்ததும் அலறியது.
யாரும் சொல்லாமலே அடைக்கலம்
டீயை வைத்துவிட்டுப் பின்னால் தாவினான்.
சக்கரம் படிந்தது.
அலறல் நிற்கவில்லை.
இன்னும் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.
நிற்கவில்லை.

எப்படிச் சொல்வது,
பின்னால் உட்கார்ந்தவன் எடை
அந்தக் குழாய்க்குள் வருவதே இல்லை என்று.

இறங்கினான். ஒரு மூட்டையைத் தோளில் வாங்கி
அட்டியில் போட்டு வந்தான். அலறியது.
இன்னொன்று.
நின்றது. மில்லின் மற்ற சத்தமெல்லாம்
அப்போதுதான் காதில் விழுந்தது.

மதியம், மூட்டைகள் இறங்கிய வெறும் பலகையில்
ஏறி நின்றுகொண்டான்.
"என்னையப் போட்டுப் பாருங்க."
ஆளைத் தூக்காதே என்று கையேட்டில் நானே
சிவப்பில் ஒட்டிக் கொடுக்கும் வரி உண்டு.
பீர் முகமது என்னைப் பார்த்தார்.
நான் ஸ்பேனரைத் தேடினேன்.

முழங்கால் உயரம்.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இந்தத் திரை.
பலகையின் எடையைக் கழித்தேன்:
ஏறும்போது 80.
கொஞ்சம் இறக்கி நிறுத்தினால் 60.
சிலிண்டரின் உரசல் அது, எந்த வண்டியிலும் உண்டு.

"இதுல எது நான்?"

மறுபடி ஏற்றச் சொன்னேன்.
80. 60. 80.
அவன் அசையாமல் நின்றான்,
போட்டோவுக்கு நிற்பதுபோல,
மூச்சையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு.