தாளுக்கு ரெண்டு ரூபா

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள்
சங்ககிரி ரோட்டில் என் ஷட்டர் ஏழு மணிக்கே ஏறிவிடும்.
மதிப்பெண் பட்டியல் பத்து, மாற்றுச் சான்றிதழ் பத்து,
சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி
எல்லாம் அஞ்சஞ்சு.
சிலர் லேமினேட் பண்ணியே கொண்டுவருவார்கள்.
ஒரிஜினலை மூடிப்போட்டீங்களே, இனி முத்திரை எங்கே குத்துவாங்க
என்று கேட்டால்
பத்திரமா இருக்கட்டுமுன்னுதானுங்க என்பார்கள்.

நேற்று நாச்சிமுத்து வந்தார், மகன் செங்கோட்டுவேலோடு.
கல்விக் கடனுக்குத் தோட்டத்துச் சிட்டாவும் சேர்த்து
முப்பத்தெட்டுத் தாள்.
பையன் படியில் நின்று
எதிர்சாரி ரிக் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சத்தீஸ்கர் போய்த் திரும்பிய வண்டி,
டயரில் இன்னும் அந்த ஊர்ச் செம்மண்.
கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே
எத்தனாவது அடியில் பாறை மாறுதுன்னு சொல்லுவானாம்,
லீவில் மாமனோடு போன ரெண்டு மாசத்தில் பழகினது.
"அந்தப் புழுதியில நான் வெந்தது போதும்,
இவனாச்சும் ஏசியில உக்காரட்டும்" என்றார்.
எதைச் சொன்னாலும்
இடது காதைத் திருப்பித்தான் கேட்கிறார் நாச்சிமுத்து.
வலது காது வண்டியோடு போய்விட்டது.
அவரிடம் நான் என்ன வாதாட?

ஷட்டர் பாதி இறங்கினபோது கோகிலவாணி.
விசைத்தறிப் பட்டறையிலிருந்து நேராக,
ஜடையெல்லாம் பஞ்சு.
"எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணு போதுங்க்கா. வீட்டுக்குத் தெரியாது."
ஐந்நூற்று அறுபத்தொன்று.
இந்த வருசம் தறி ஓட்டட்டும், அடுத்த வருசம் பாக்கலாம்
என்றிருக்கிறார்கள்.
முதலாளியிடம் முன்பணம் வாங்கியாயிற்று.
அடுத்த வருசம் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல்.
இத்தனை படிச்சுப்போட்டு ஜெராக்ஸ் கடையா என்று
மீதிச் சில்லறை வாங்கும்போது கேட்காதவர் குறைவு.
உருளையில் நிலைமின்சாரம் ஏறுவதும்
கரும்பொடி ஒட்டுவதும் சூட்டில் உருகி எழுத்தாவதும்
சமன்பாட்டோடு தெரியும்.
மெஷின் நின்றால் மட்டும்
எட்டாவதோடு நின்ற சேமலையப்பனுக்குப் போன் போடுவேன்.
மூடியைத் திறக்காமலே "பெல்ட்டுங்க" என்பான்.
அறுநூறு ரூபாய்.

ஆனாலும் அந்தக் கடன் தாளின் பொடி எழுத்தைப் படித்து,
படிக்கிற காலத்திலும் வட்டி ஓடுமுங்க என்று
நாச்சிமுத்துவின் இடது காதில் சொன்னது நான்தான்.
காலேஜ் கொடுத்ததா அது, என் சுபாவமா,
இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எத்தனையோ விண்ணப்பங்கள் இந்தக் கண்ணாடியில் கவிழ்ந்திருக்கின்றன.
அப்பன் பெயர், அப்பன் தொழில், ஆண்டு வருமானம்.
உனக்கு வேணுமா என்று கேட்கும் கட்டம்
ஒன்றிலும் பார்த்ததில்லை.
இருந்திருந்தாலும்
நாச்சிமுத்துதான் பேனாவை எடுத்திருப்பார்.
கோகிலவாணி வீட்டில் விண்ணப்பமே இல்லை.

ஒன்று கேட்டவளுக்குப் பத்துப் போட்டேன்.
சூடு ஆறாத தாள்களைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு
ரோட்டைக் கடந்தாள்.
சரியா செய்தது என்று கேட்டால்
நாளைக்கு அவள் அம்மா வந்து கேட்கும்போது பார்ப்போம்.

விளக்கணைக்கப் போனபோது
ஸ்டேப்ளருக்கு அடியில் ஒரு ஒரிஜினல்.
செங்கோட்டுவேல், கணிதம் எழுபத்தாறு.
கட்டைச் சரிபார்த்து அடுக்கியது அப்பா.
கடைசியில் ஸ்டேப்ளரைத் தொட்டது பையன்.
நாச்சிமுத்து நம்பர் என்னிடம் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை கடைசித் தேதி.
இன்று புதன்.