மின்தூக்கி

ஒன்றும் செய்யாத ஒரு பயிற்சியை
பதினொரு நாளாக வரைந்துகொண்டிருந்தேன்.
கழுத்தை இடம், வலம்.
கணுக்காலைச் சுழற்று, பத்து முறை.
விரல்களை விரி, மடக்கு.
தசைக்குத் தெரியக்கூடாது
தன்னை யாரோ கூப்பிட்டார்கள் என்று.

அந்தக் குழுவுக்கு எடை, ரப்பர்ப் பட்டை, படிப்பெட்டி.
இந்தக் குழுவுக்கும் அதே நாற்பது நிமிடம்,
அதே ஈசூன் சமூக மன்றம்,
கறகறக்கும் அதே மின்விசிறி,
முடிவில் அதே மைலோ.
என் சிரிப்பையும் அளந்தே கொடுத்தேன்.
ஒரு பக்கம் கூடினால் ஆய்வு சாய்ந்துவிடும்.

நெறிமுறைக் குழுவில் ஒருவர் கேட்டார்:
இதனால் தீங்கு உண்டா?
இல்லை.
நன்மை?
வராதபடி பார்த்துக்கொள்கிறேன், ஐயா.
யாரோ இருமினார்கள்.

கணினி குலுக்கிப் போட்டதில்
ரோஸ்னா, மேடம் குவா, அமிர்தகடேசன்,
ஒரே புளோக், ஒரே எட்டாம் மாடி,
மூவரும் இந்தப் பக்கம் விழுந்தார்கள்.
சுவரோர எடைகளைக் கண்ணால் காட்டி
"எங்களுக்கு எப்போ, மிஸ்?" என்பார் குவா
ஒவ்வொரு செவ்வாயும்.
பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
பிறகு கணுக்காலைச் சுழற்றுவார்,
துருப்பிடித்த பூட்டில் சாவி திருப்புகிற அக்கறையோடு.

ஆறாவது வாரம்
அவர்கள் புளோக்கில் மின்தூக்கி மாற்ற வந்தார்கள்.
அந்தப் பக்கத்துக்கு அது ஒன்றுதான்.
பத்தொன்பது நாள்
சந்தைக்கு இறங்கி,
மீனும் கங்கோங் கீரையும் கையில் தொங்க
எட்டு மாடி ஏறி,
உப்பு மறந்து
மறுபடி இறங்கி.

எனக்குத் தெரியாது.
நான் கழுத்தை இடம், வலம் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் வாரம், நாற்காலிச் சோதனை.
முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்து உட்காரலாம்.
குவா: பதினேழு.
தொடக்கத்தில் பதினொன்று.
கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தேன்,
இன்னொரு கடிகாரம் கொண்டுவரச் சொன்னேன்.
எடை தூக்கியவர்களில் பாதிப்பேர்
பதினைந்தைத் தாண்டவில்லை.

"எல்லாம் உங்கள் கணுக்கால் சுற்றுதான், மிஸ்.
அது இல்லாவிட்டால் அத்தனை படி
ஏறியிருப்போமா?"
ரோஸ்னா தன் மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம்.
துறைமுகத்தில் முப்பது வருடம்
மூட்டைக் கணக்கு எழுதிய அமிர்தகடேசன் மட்டும்
என்னை ஒருமுறை பார்த்தார்.
மைலோவை ஊதிக் குடித்தார்.

நெறிமுறை விலகல்: காரணம் ஒரே சொல்லில்.
எழுதினேன்.
பேனாவை மூடியபோதுதான் கவனித்தேன்,
மேசைக்கு அடியில்
என் வலது கால்
சுழன்றுகொண்டிருந்தது.